பதின்மூன்றாம் பூப்பு

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரக் காடுகளில் வருஷாவருஷம் குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு வெற்றிடம் விழுகிறது. ஆன்டிகைனஸ் என்ற சிறு பைப்பாலூட்டி இனத்தில் வளர்ந்த ஆண் ஒன்றுகூட அப்போது உயிரோடு இருப்பதில்லை. சில வாரங்களுக்குக் காடு முழுக்கச் சூல்கொண்ட பெண்கள் மட்டுமே. அடுத்த தலைமுறை ஆண்கள் இன்னும் தாய்வயிற்றில் இருக்க, தகப்பன்மார் எல்லோரும் செத்தாகிவிட்டது. கொள்ளைநோயோ காட்டுத்தீயோ வந்து அடித்துப்போன அழிவல்ல இது. அந்தந்த இடத்தில் அந்தந்த வாரத்தில், பகற்பொழுது நீளும் கணக்கை வைத்து, ஆண்டு தவறாமல் நடப்பது.

மூஞ்சூறைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இந்தப் பிராணியைக் கற்பனை செய்துகொள்வது சுலபம். அதே கூரிய முகவாய், அதே பதற்றம், உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. பழுப்பு ஆன்டிகைனஸ் என்ற வகையில் நல்ல வாட்டசாட்டமான ஆணே எழுபது கிராம்தான் இருக்கும். ஆனால் எலிக்கும் இதற்கும் சொந்தமில்லை, கங்காருவுக்குத்தான் தூரத்துச் சொந்தம். பூச்சியையும் சிலந்தியையும் துரத்திப் பிடித்துத் தின்று, மரப்பொந்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக் குளிரைக் கழிக்கும்.

இணைசேரும் பருவம் வருவதற்கு முன்பே ஆணின் உடம்பில் விந்தணு உற்பத்தி நின்றுவிடுகிறது. கையிருப்பில் உள்ளதுதான் இனி. அப்புறம் இரண்டு மூன்று வாரம் வேறு எந்த வேலையும் கிடையாது. ஒரே கூடல் பன்னிரண்டு மணி நேரம்கூட நீளும், முடிந்ததும் அடுத்த பெண்ணைத் தேடி ஓட்டம். தூக்கத்தையும் விட்டுக்கொடுத்துவிடுகிறது என்பதை 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. தினம் ஏறக்குறைய மூன்று மணி நேரத் தூக்கம் குறைகிறதாம்.

சாவு எப்படி வருகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நம் உடம்பில் ஓடுகிற கார்ட்டிசோல் ஹார்மோன்தான் அங்கேயும் ஓடுகிறது. நெருக்கடியில் உடம்பின் சேமிப்பை உடைத்துச் சர்க்கரையாக்கித் தருவது அதன் வேலை. சாதாரண நாளில் ரத்தத்திலுள்ள ஒரு புரதம் அதில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். பருவம் வந்து ஆண்மை ஹார்மோன் ஏற ஏற, அந்தப் புரதம் இறங்கிக்கொண்டே போகிறது. கட்டவிழ்ந்த கார்ட்டிசோல் தசையைக் கரைத்து, தீனியில்லாமலே ஓடுவதற்குத் தெம்பு கொடுக்கிறது. அதே கையோடு நோயெதிர்ப்பையும் குலைத்துவிடுகிறது. இரைப்பைப் புண் வெடித்து உள்ளே ரத்தம் கசியும், ஒட்டுண்ணிகள் பெருகும், ரோமம் திட்டுத்திட்டாக உதிரும். இருட்டில் ஒளிந்து வாழ்ந்த பிராணி பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு திரியும், அப்போதும் பெண்ணைத் தேடித்தான். பதினொன்றரை மாதத்தில் கணக்கு முடிந்தது. பருவத்துக்கு முன்பே பிடித்து அடைத்துவைத்த ஆண்களும் விதை நீக்கப்பட்ட ஆண்களும் அந்தக் கெடுவைத் தாண்டிப் பிழைத்திருக்கின்றன. ஆக, அதைக் கொன்றது முதுமை அல்ல.

தகப்பன்மார் செத்தால் குட்டிகளுக்குத் தீனி மிச்சம் என்று ஒரு காலத்தில் விளக்கம் சொன்னார்கள். தியாகக் கதை என்றால் நமக்கு உடனே பிடித்துப்போகும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் டயானா ஃபிஷரும் உடன் உழைத்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் தியாகத்துக்கு வேலையே இல்லை. அந்தக் காடுகளில் பூச்சிகள் பெருகும் காலம் வருஷத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய ஒழுங்கில் வருகிறது. குட்டி பால்மறக்கும் நேரம் அந்தப் பெருக்கத்தில் வந்து விழ வேண்டும். ஆகவே எல்லாப் பெண்களும் ஒரே சமயத்தில் பருவமடைகின்றன. ஒவ்வொன்றும் பல ஆண்களோடு கூடுகிறது, ஒரே ஈற்றில் பல தகப்பன்களின் குட்டிகள் பிறக்கின்றன. போட்டி உயிரணுக்களுக்கிடையே நடக்கிறது. அடுத்த வருஷத்துக்கென்று தெம்பை ஒதுக்கி வைக்கிற ஆண், இந்த வருஷமே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறவனிடம் தோற்றுப்போகிறான். அவ்வளவுதான்.

இனி, பூமியின் மறுகோடி. வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக்கிலும், உறைநிலைக்கு ஒட்டிய தண்ணீரில், கிரீன்லாந்துச் சுறா என்றொரு மந்தமான ஜீவன். ஐந்து மீட்டர் நீளம் வளரும். ஸ்வால்பார்டுத் தீவருகே கருவி பொருத்திப் பார்த்ததில் அதன் சராசரி வேகம் மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டருக்குள்தான் இருந்தது. கோயிலை அடிப்பிரதட்சிணம் செய்கிற பாட்டிகூட முந்திவிடுவார். கண்ணின் விழிப்படலத்தில் ஓர் ஒட்டுண்ணி தொங்கிக்கொண்டேயிருக்கும். இறைச்சியைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு. ஐஸ்லாந்துக்காரர்கள் அதை மாதக்கணக்கில் புளிக்கவைத்துக் காயப்போட்டுத் தின்கிறார்கள். 1936இல் கிரீன்லாந்து அருகே அடையாளவில்லை மாட்டி விடப்பட்ட ஒரு சுறா 1952இல் மறுபடி பிடிபட்டது. பதினாறு வருஷத்தில் அது வளர்ந்திருந்தது எட்டு சென்டிமீட்டர்.

வயதைக் கண்டுபிடிக்கத்தான் வழியில்லாமல் இருந்தது. மற்றச் சுறாக்களுக்கு முதுகெலும்பிலோ துடுப்பு முள்ளிலோ வளையங்கள் விழும், எண்ணிவிடலாம். இதன் எலும்போ மெத்தென்ற குருத்து. வழி கிடைத்தது கண்ணில். கண்ணின் வில்லை உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காக வளர்வது. நட்டநடுவில் இருக்கும் துணுக்கு, குட்டி பிறப்பதற்கு முன்பே உண்டாகி, சாகும்வரை மாறாமல் இருப்பது. டென்மார்க்கைச் சேர்ந்த யூலியஸ் நீல்சனும் உடன் ஆய்வு செய்தவர்களும் 28 பெண் சுறாக்களின் கண்வில்லையைத் தோல் தோலாக உரித்து, அந்த நடுத்துணுக்கின் கதிரியக்கக் கரிமத்தை அளந்தார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகள் உலகக் காற்றிலும் கடலிலும் ஒரு முத்திரை பதித்துவிட்டுப் போயிருக்கின்றன. ஆகச் சிறிய சுறாக்களில்தான் அந்த முத்திரை இருந்தது. மற்றவை எல்லாம் குண்டுக்கு முந்தியவை. 2016இல் வெளியான முடிவு: ஐந்து மீட்டரை எட்டிய மிகப்பெரிய பெண்ணுக்கு 392 வயது, முன்பின் 120 ஆண்டுகள். பெண் பருவமடைவது ஏறத்தாழ 156 வயதில்.

அந்த 'முன்பின் 120' என்பதைத் தாண்டிப்போக எனக்கு மனம் வருவதில்லை. பிழையின் அளவே ஒரு மனித ஆயுளைவிடப் பெரியது. நடுமதிப்பை எடுத்தால் திருமலை நாயக்கர் மதுரையில் பட்டம் ஏறிய காலத்தை ஒட்டிப் பிறந்த உயிர். எவ்வளவு குறைத்தாலும் நாயக்கர் ஆட்சி முடிந்த சில ஆண்டுகளுக்குள் பிறந்தது. மேலே பிழையை அனுமதித்தால் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கிச் சில வருஷங்களில்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்ட இடம் வட்டவடை. இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரம். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் ஊடாகப் போய் இறங்க வேண்டும். ஆவணத்தில் கேரளம், வீட்டில் தமிழ். மதுரைப் பக்கமிருந்து ஏதோ ஒரு போர்க்காலத்தில் மலையேறி வந்ததாகத்தான் பழைய குடும்பங்கள் சொல்லிக்கொள்கின்றன. படிப்படியாக வெட்டிய சரிவுகளில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், அப்புறம் பெயர்பெற்ற பூண்டு. சிறிய பல், தூக்கலான காரம். காந்தளூர்–வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தாகிவிட்டது.

அங்கே பைப்பாலூட்டியும் கிடையாது, சுறாவும் கிடையாது. ஆனால் ஆன்டிகைனஸின் வீடு இருக்கிறது. கிராண்டிஸ் என்று அங்கே எல்லோரும் சொல்கிற யூக்கலிப்டஸ் மரம், ஆஸ்திரேலியாவின் அதே கிழக்குக் கரையைச் சேர்ந்தது. பழுப்பு ஆன்டிகைனஸ் ஓடித்திரிகிற காடுகளிலும் நிற்பது. மரம் வந்து சேர்ந்தது, மரத்தில் ஓடுவது வரவில்லை. வந்திருந்தாலும் குடியிருக்க இடம் கிடைத்திருக்காது. யூக்கலிப்டஸில் விலங்கு நுழைகிற அளவுக்குப் பொந்து விழ நூறாண்டுக்கு மேல் ஆகும். வட்டவடையில் அதை ஏழெட்டு வருஷத்தில் காகிதக் கூழுக்கு வெட்டிவிடுகிறார்கள். பதினொன்றரை மாதம் வாழும் பிராணிக்கு நூறு வயது மரம் வேண்டியிருக்கிறது என்பதை யோசித்துப் பார்த்தால், குறுகிய ஆயுள் என்று நாம் சொல்வது எவ்வளவு நீண்ட ஆயுள்களின் தோளில் ஏறி நிற்கிறது என்பது விளங்கும்.

சரிவில் பூண்டுக்கு மண் கொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கிராண்டிஸைப் பற்றிக் கேட்டேன்.

“குச்சிய நட்டுட்டுப் போயிட்டா ஏழு வருசம் கழிச்சு வந்து காசை எண்ணலாம் தம்பி. பூண்டுக்கு அப்படியா? ஆனா ஓடைத் தண்ணியெல்லாம் குடிச்சுட்டுல்ல நிக்குது.”

“குறிஞ்சி பூத்தப்ப இங்கதான் இருந்தீங்களா அய்யா?”

“எங்க போறது? பூத்தப்ப வந்தவுக எல்லாரும் போட்டோ எடுத்தாக. அடுத்த வருசம் அதே எடத்துல வந்து நின்னா என்னத்தப் பாக்குறது?”

அதுதான் விஷயம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது எல்லோருக்கும் தெரியும்: 1982, 1994, 2006, 2018. பூத்தபிறகு செத்துப்போகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு மலைச்சரிவு முழுக்க ஒரே வயது. எல்லாம் ஒன்றாக முளைத்து, ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகப் பூத்து, காய் வெடித்து விதை சிதறியதும் ஒன்றாகக் காய்ந்து நிற்கும். அந்தக் கட்டத்தில் அந்தச் சரிவின் குறிஞ்சி மொத்தமும் மண்ணுக்குள் விதையாக இருக்கிறது. மேலே எரிகட்டைதான் மிச்சம். ஆன்டிகைனஸ் ஆண்கள் தாய்வயிற்றில் மட்டுமே இருக்கிற அந்தச் சில வாரங்களின் நிலை இது. அங்கே ஒவ்வொரு ஆண்டும், இங்கே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.

ஏன் இப்படி? உயிரைப் பணயம் வைத்து ஒரே தடவை பூப்பதால் என்ன லாபம்? 1954இல் லாமான்ட் கோல் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு கணக்குப் போட்டார். அது பல ஆண்டுகள் துறையையே தொந்தரவு செய்தது. ஒரு செடி வருஷத்துக்குப் பத்து விதை போட்டுக்கொண்டு சாகாமலே என்றென்றும் வாழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு செடி ஒரே வருஷம் வாழ்ந்து, பதினோரு விதை போட்டுவிட்டுச் செத்துப்போகிறது. இரண்டின் வம்சமும் ஒரே வேகத்தில்தான் பெருகும். சாகாவரத்தின் விலை ஒரு விதை. அப்படியானால் உலகில் யாருமே ஏன் மெனக்கெட்டுப் பல வருஷம் வாழ்கிறார்கள்? எல்லா உயிரும் கூடுதலாக ஒரு விதை போட்டுவிட்டுச் செத்திருக்கலாமே.

கோலின் கணக்கில் பிழையில்லை, ஓர் அனுமானம் இருந்தது: போட்ட விதை எல்லாம் பிழைத்துவிடும் என்று. 1973இல் சார்னோவும் ஷாஃபரும் அதைச் சரிசெய்தார்கள். வளர்ந்த உயிர் அடுத்த வருஷத்தைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம், குஞ்சு பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்றால், உயிரோடு இருந்து திரும்பத் திரும்ப முயல்வது லாபம். நேர்மாறாக இருந்தால் இருப்பதையெல்லாம் ஒரே தடவையில் கொட்டிவிட வேண்டியதுதான். ஆயுளின் நீளத்தைத் தீர்மானிப்பது சாவு எந்த வயதில் அதிகமாக வந்து கதவைத் தட்டுகிறது என்பதுதான்.

வளர்ந்த கிரீன்லாந்துச் சுறாவைத் தின்ன அந்தக் குளிரில் பெரிதாக எதுவும் கிடையாது. பெரியவர்களுக்குச் சாவு அபூர்வம். ஆகவே அவசரமும் இல்லை. எழுபது கிராம் உடம்புக்கு ஆந்தை உண்டு, பாம்பு உண்டு, அடுத்த குளிர்காலம் உண்டு. ஆண் ஆன்டிகைனஸ் தெம்பை மிச்சம்பிடித்திருந்தாலும் இன்னொரு பருவத்தைக் காண்பது நிச்சயமில்லை. குறிஞ்சியின் கதை கொஞ்சம் வேறு. வருஷாவருஷம் நாலு பூ பூத்தால் விதை தின்னும் பூச்சியும் பறவையும் எலியும் நாலையும் தீர்த்துவிடும். பன்னிரண்டு வருஷத்துச் சேமிப்பை ஒரே பருவத்தில் இறைத்தால், தின்கிறவை தின்று சலித்த பிறகும் மிஞ்சும். மூங்கில் பூப்பதற்கும் உயிரியலாளர்கள் இந்த விளக்கத்தைத்தான் சொல்கிறார்கள். முன்னும் பின்னுமாகத் தப்பிப் பூக்கிற செடியின் விதைதான் முதலில் காலியாகும்.

நீண்ட ஆயுளை நாம் பெருமையாகவும் குறுகிய ஆயுளைப் பரிதாபமாகவும் பார்த்துப் பழகிவிட்டோம். 392 வயது என்றதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. பதினொன்றரை மாதம் என்றதும் ஐயோ பாவம். உயிர்களுக்கு அந்தப் பேதம் கிடையாது. இரண்டுமே அந்தந்த இடத்துக் கணக்குக்குச் சரியாகப் பொருந்திய விடைகள். கணக்கே மாறிப்போகும்போதுதான் சிக்கல். அந்த மாற்றத்தைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். நம்மிடம் இருக்கும் அளவுகோலோ ஐந்தாண்டுத் தேர்தல், ஏழாண்டு மரம், ஓராண்டு வரவுசெலவு.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வடகடல் நாடுகள் கிரீன்லாந்துச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகப் பெருமளவில் பிடித்துத் தள்ளின. இரண்டாம் உலகப்போருக்குப் பின் செயற்கை எண்ணெய்கள் வரவே அந்த வேட்டை ஓய்ந்தது. ஓய்ந்துவிட்டது, எண்பது ஆண்டுகள் போயின, மீன்வளம் மீண்டிருக்கும் என்று சாதாரண மீனுக்குச் சொல்லலாம். இங்கே 1945இல் பிறந்த பெண்குட்டி தாயாகும் வயதை அடைவது 2100ஐ ஒட்டி. வேட்டையில் போன தாய்களின் இடத்தை நிரப்பவேண்டியவர்கள் இன்னும் சிறுமிகளாக நீந்திக்கொண்டிருக்கிறார்கள். வடமேற்கு அட்லாண்டிக் மீன்வள அமைப்பு, சர்வதேசக் கடற்பரப்பில் தன் எல்லைக்குள் பிடிபடும் கிரீன்லாந்துச் சுறாவை வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவெடுத்தது 2022இல்.

இது ஏதோ பனிக்கடல் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் இந்தியக் கரையிலேயே பேர்போனவர்கள். அரபிக்கடலில் அவர்கள் போகாத மூலையில்லை. பச்சைக் கண் மினுங்கும் ஆழ்கடல் சுறா வகைகள் ஈரல் எண்ணெய்க்காகவே பிடிபடுகின்றன. அந்த எண்ணெயிலிருந்து கிடைக்கும் ஸ்குவாலீன் முகப்பூச்சுக்குப் போகிறது. வருஷக்கணக்கில் சூல் சுமந்து, ஒன்றிரண்டு குட்டி மட்டுமே ஈனும் இனங்கள் இவை. மாலத்தீவில் 1980களில் இதே சுறாவுக்காகத் தொடங்கிய ஈரல் எண்ணெய்த் தொழில் ஏறக்குறைய இருபது வருஷத்துக்குள் பிடிக்கச் சுறா இல்லாமல் படுத்துவிட்டது. மீனவரைக் குறைசொல்லி ஆவதில்லை. படகுக் கடனுக்கு வட்டி மாதாமாதம் வருகிறது, சுறாவின் குட்டியோ வருவதில்லை. இந்த இரண்டு கால அளவையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதவே முடியாது.

ஆன்டிகைனஸுக்கு வரும் ஆபத்து இன்னொரு மாதிரி. அது சீக்கிரம் பெருகும், சீக்கிரம் மீளும் என்பதால் கவலையில்லை என்று தோன்றும். ஆனால் ஒரே ஒரு வருஷம் கெட்டால் போதும். எல்லா முதலும் ஒரே பருவத்தில் போடப்பட்டிருக்கிறது. பூச்சிப் பெருக்கம் ஒரு மாதம் தள்ளிப்போனால், இணைசேரும் நாளைக் குறித்துத் தருகிற சூரியன் அதற்காகக் காத்திருக்காது. தட்பவெப்பம் மாறுகிறது, பகலின் நீளம் மாறுவதில்லை.

வட்டவடையின் சங்கதி இவற்றுக்கு நடுவே நிற்கிறது. 2006 அக்டோபரில், குறிஞ்சி பூத்துக்கிடந்த பருவத்திலேயே, வட்டவடைக் கிராமத்தின் 62ஆம் பிளாக்கையும் கொட்டாக்கொம்பூரின் 58ஆம் பிளாக்கையும் சேர்த்துக் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர். ஒரு பூச்செடிக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம் என்பதால் நாடெங்கும் பேசப்பட்டது. பூ உதிர்ந்தது, பேச்சும் உதிர்ந்தது. எந்தப் பட்டா செல்லும், எது செல்லாது என்ற இழுபறியில் எல்லை நிர்ணயம் வருஷக்கணக்கில் நீண்டது. போலிப் பட்டா என்ற புகார்கள் நீதிமன்றம்வரை போயின. 2017–18இல், அடுத்த பூப்பு வரப்போகிற நேரத்தில், சரணாலயத்தின் பரப்பைக் குறைக்கலாமா என்பது கேரள அமைச்சரவைவரை போன விவாதமானது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் பயிர்செய்கிற குடியானவனுக்கும் ஏக்கர் கணக்கில் வளைத்து கிராண்டிஸ் நட்ட வெளியூர்க்காரனுக்கும் ஒரே சட்டம் என்று வந்தபோது, அச்சம் முன்னவனுக்குத்தான் அதிகம். அதைப் பூ ஆர்வலர்கள் எப்போதும் போதிய அளவு கவனித்தார்கள் என்று சொல்லமாட்டேன்.

குறிஞ்சியைத் தோற்கடிப்பது கோடரியைவிட அதன் பதினோரு வருஷம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நில அளவைக்காரர் பத்துத் தடவை வந்தாலும் ஒன்பது தடவை அங்கே அவர் காண்பது முழங்காலளவுப் புதர். பூ இல்லை, காய் இல்லை, வருமானம் இல்லை. தரிசு என்று எழுதிக்கொண்டு போவதற்கு எந்தத் தடையும் இல்லை. இடையில் ஒருமுறை உழுதுவிட்டாலோ கிராண்டிஸ் நட்டுவிட்டாலோ போயிற்று, மண்ணில் மாற்று விதைகூட இருக்காது. பூக்கும்வரை அதற்குச் சாட்சி கிடையாது. நூறு வயதுச் சுறாவுக்கும் அதே நிலைமைதான். நம் கண்ணுக்கு அது கிழம், அதன் வம்சத்தின் கணக்கில் இன்னும் வயதுக்கு வராத பெண்.

2018இன் பூப்பை மக்கள் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிய வெள்ளத்தில் மூணாறுப் பாதைகள் துண்டிக்கப்பட்டன. விடுதிகள் காலியாகக் கிடந்தன. தாமதமாகப் பூத்த குறிஞ்சிக்குக் கூட்டம் வராததில் நஷ்டம் ஏதும் இருந்திருக்காது, தேனீக்கள் வந்தால் போதும்.

பளியர் பழங்குடியினர் தங்கள் வயதைக் குறிஞ்சிப் பூப்பை வைத்துக் கணக்கிட்டதாகச் சொல்வதுண்டு. அந்த அளவுகோலை நான் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறேன். நல்ல ஆயுசுள்ள மனிதர் ஆறு பூப்புகளைக் காண்பார். ஆண் ஆன்டிகைனஸ் தன் ஓராண்டு நிறைவையே காண்பதில்லை. நீல்சன் அளந்த பெரிய சுறா முப்பத்திரண்டு பூப்புகளின் காலம் வாழ்ந்திருக்கிறது. வெள்ளத்தோடு வெள்ளமாக வட்டவடையில் குறிஞ்சி பூத்த அந்த 2018இல் எங்கோ கிரீன்லாந்துக் கடலடியில் ஒரு பெண்குட்டி பிறந்திருந்தால், அது பருவமடைய வேண்டிய ஆண்டு 2174. பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிப் பாருங்கள், பதின்மூன்றாம் பூப்பும் அதே ஆண்டில்தான் வருகிறது. அதற்குள் ஆன்டிகைனஸில் நூற்றைம்பத்தாறு தகப்பன் தலைமுறைகள் வந்து போயிருக்கும்.

வட்டவடை ஊராட்சிக்குள்ளேயே பழத்தோட்டம் என்றொரு பகுதி, ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்காவில் சேர்ந்தது. அங்கேயும் ஒரு காலத்தில் புல்வெளியை அழித்துத்தான் வாட்டில் மரம் நட்டார்கள். வாட்டிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். சில ஆண்டுகளுக்கு முன் பெரிய காட்டுத்தீ ஒன்று அந்தத் தோட்டத்தை எரித்துப்போட்டது. வனத்துறை திரும்பவும் மரம் நடாமல், உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு, இந்த மலைக்கே உரிய புல்வகைகளை நாற்றங்காலில் வளர்த்து நடத் தொடங்கியது. நாற்றுவிடுவது, களையெடுப்பது, அடிவேரிலிருந்து மறுபடி மறுபடி முளைக்கும் வாட்டில் கன்றைப் பிடுங்குவது என்று வேலைக்கு முடிவில்லை. வறண்டுகிடந்த ஓடையில் தண்ணீர் திரும்பிவிட்டது என்கிறார்கள். குறிஞ்சி அங்கே 2030இல் பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2018இல் அந்த மண் வாட்டிலின் கீழ் கிடந்தது, குறிஞ்சி விதை விழுந்திருக்க வழியில்லை. 2030இல் பக்கத்துச் சரிவு பூத்து, காய் வெடித்து, ஓரத்தில் நாலடி உள்ளே விதை தெறிக்கலாம். அது முளைத்துப் பூக்க 2042. அதுவரை அந்தப் புல்லுக்குள் யாராவது வாட்டில் கன்றைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும், அந்த வேலைக்கு வருஷாவருஷம் கூலி வர வேண்டும்.